கோல் கணக்கு மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு,

விளையாட்டுப் பக்கத்தில் வரும் கால்பந்து வீரர்களின் அறிமுகக் குறிப்புகளைத் தவறாமல் படிக்கிறேன். பிறந்த ஆண்டு, கோல்கள், மாறிய கிளப்புகள், கொடுத்த தொகை. அவ்வளவோடு முடிந்துவிடுகின்றன.

இங்கிலாந்தின் லிவர்பூல் கிளப்பில் ஆடிய இயன் காலகனை எடுத்துக்கொள்ளுங்கள். 857 ஆட்டங்கள், அந்தக் கிளப்பில் இன்றுவரை யாரும் தொடாத எண்ணிக்கை. ஆனால் எண்ணைவிட அவர் போன பாதைதான் சுவாரசியம். 1960-ல் அவர் முதலில் களமிறங்கியபோது லிவர்பூல் இரண்டாம் பிரிவில் கிடந்தது; 1978-ல் விடைபெறும்போது ஐரோப்பிய சாம்பியன். வலது ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்தவர், முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு நடுக்களத்துக்கு மாறினார். பலருக்கு அதோடு கதை முடிந்திருக்கும். இவரோ 1974-ல் இங்கிலாந்து கால்பந்து எழுத்தாளர்களின் சிறந்த வீரர் விருதை வாங்கினார். தேசிய அணியில் 1966 உலகக் கோப்பையில் ஆடியவருக்கு அடுத்த அழைப்பு 1977-ல்தான் வந்தது! இதையெல்லாம் 'மொத்தம் 4 சர்வதேச ஆட்டங்கள்' என்று ஒரே வரியில் அடைத்தால் என்ன புரியும்?

அதே லிவர்பூலில் ஆடிய கெவின் கீகன், ரே கிளெமென்ஸ் இருவரும் ஸ்கந்தார்ப் என்ற சிறிய கிளப்பிலிருந்து வந்தவர்கள். அங்கே என்ன கற்றார்கள் என்பதையும் சேர்த்து எழுதலாமே.

சரி, அடுத்த முறை கோல் அடிப்பவர்களைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, லிவர்பூலின் தற்காப்பு வீரர் ஜெர்ரி பைர்னைப் பற்றி எழுதுங்கள். மாற்று ஆட்டக்காரருக்கு அனுமதியில்லாத காலம் அது. 1965-ல் இங்கிலாந்து கிளப்புகளுக்கான எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் தொடக்கத்திலேயே காறை எலும்பு முறிந்தும், கூடுதல் நேரம் வரை ஆடி, முதல் கோலுக்குப் பந்தையும் எடுத்துக் கொடுத்தவர் அவர்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்