விடியலுக்கு முந்தைய நேரம் யாருக்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எழுத்தாளர்களின் அன்றாட ஒழுங்கைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரை, எழுத விரும்புகிறவர்கள் விடியலுக்கு முன்பே எழுந்துவிட வேண்டும் என்று வலியுறுத்தியிருந்தது. இருபது ஆண்டுகளாக ஆசிரியப் பணியில் இருந்துகொண்டே சிறுகதை எழுதிவருகிற எனக்கு, நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுத உட்கார வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த நேரம் எல்லா வீட்டிலும் எல்லாருக்கும் ஒன்றுபோல் கிடைப்பதில்லை.

ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி டிரோலப் அஞ்சல் துறையில் நெடுங்காலம் பணியாற்றியவர். 47 நாவல்கள் எழுதியவர். காலை 5.30 மணிக்கு மேசைமுன் அமர்ந்து, கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 சொற்கள் என்று எழுதியதை 1883இல் வெளிவந்த தன்வரலாற்றில் சொல்கிறார். தம்மை எழுப்பிக் காபி கொண்டுவந்து தரும் பணியாளுக்கு ஆண்டுக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்ததையும், தம் வெற்றிக்கு வேறு எவரையும்விட அவருக்கே அதிகம் கடமைப்பட்டிருக்கலாம் என்பதையும் அதே நூலில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். நாம் அந்த 250 சொற்களை மட்டும் எடுத்துக்காட்டிவிட்டுக் காபி கொண்டுவந்தவரை மறந்துவிடுகிறோம். 1993இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற அமெரிக்க நாவலாசிரியர் டோனி மாரிசன் விடியுமுன் எழுதத் தொடங்கியதற்குக் காரணம், சிறு பிள்ளைகள் கண்விழித்து அம்மா என்று அழைப்பதற்குள் கிடைத்த பொழுது அது ஒன்றுதான் என்பதே.

எங்கள் வீட்டில் நாலரை மணி என்பது பால் வாங்கவும், வாசல் தெளித்துக் கோலம் போடவும், மூன்று பேருக்கு மதிய உணவு கட்டவுமான நேரம். ஆகவே பள்ளி விட்ட பின் காலியான வகுப்பறையில் கிடைக்கும் முக்கால் மணி நேரத்தை எனக்கென்று வைத்துக்கொண்டேன். நோட்டின் தலைப்பில் பிள்ளையார் சுழி போட்டு, முந்தைய நாள் எழுதிய கடைசிப் பத்தியை அப்படியே மறுபடியும் கையால் எழுதுவேன். அந்தப் பத்தி முடிவதற்குள் பகல் முழுவதும் கேட்ட இரைச்சல் அடங்கி, கதைக்குள் இருப்பவர்கள் பேசத் தொடங்குவார்கள். சடங்கு என்று சிலர் இதைச் சிறுமையாக எண்ணலாம். களைத்த மனத்தை வேறொரு வேலைக்குத் திருப்ப எனக்கு இதைவிட நம்பகமான வழி கிடைக்கவில்லை. கோடை விடுமுறையில் அந்த அறை இல்லாமல் போகும்போது, ஒரே கதை ஜூன் வரை அரைகுறையாகக் கிடக்கிறது.

சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்த நூல்களைக் கொண்டுவந்து படிப்பதற்கென்று தனிப் பகுதி உண்டு. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களுக்கு அது பேருதவியாக இருக்கிறது. அதைப் போலவே மாவட்ட மைய நூலகங்கள் ஒவ்வொன்றிலும் எழுதுவதற்கென்று நான்கு மேசைகளும், மாலையில் இரண்டு மணி நேரமும் ஒதுக்கித் தருமாறு பொது நூலகத் துறையைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். அந்த மேசைகளுள் இரண்டையாவது பெண்களுக்கென்று வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை,
பாளையங்கோட்டை