கல்லூரிக் கணித ஆசிரியர் மன்றம்: செயலாளர் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மூத்த பேராசிரியர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். விழுப்புரம், கள்ளக்குறிச்சி வட்டாரக் கல்லூரிகளில் கணிதம் நடத்தும் நம் எல்லோருக்குமான இந்த மன்றத்தின் ஆண்டறிக்கையை நிர்வாகக் குழுவின் சார்பில் பொதுக்குழு முன் வைக்கிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். மாதக் கூட்டங்கள் செமஸ்டர் தேர்வு, விடைத்தாள் திருத்தும் மாதங்கள் நீங்கலாக ஒழுங்காக நடந்தன. புதிதாகச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் கௌரவ விரிவுரையாளர்கள். அவர்கள் வந்தது மன்றத்துக்குப் பெரிய பலம்.

சென்ற பொதுக்குழுவில் இளம் உறுப்பினர் ஒருவர் எழுந்து, "சம்பளக் கோரிக்கைக்கு வேறு சங்கம் இருக்கிறது, பாடத்திட்டத்தைப் பல்கலைக்கழகம் பார்த்துக்கொள்கிறது, அப்புறம் கணித ஆசிரியருக்கென்று தனியாக ஒரு மன்றம் எதற்கு?" என்று கேட்டது நினைவிருக்கும். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடித்தான், மாதக் கூட்டத்தில் கொஞ்ச நேரத்தை இந்தியக் கணிதக் கழகத்தின் வரலாற்றுக்கு ஒதுக்குவது என்று முடிவெடுத்தோம். இந்த ஆண்டின் உருப்படியான வேலை அதுதான் என்பது என் கருத்து. ஆகவே அறிக்கையிலும் அதற்கே அதிக இடம் தருகிறேன்.

கழகத்தைத் தொடங்கிய வி. ராமசாமி ஐயர் அப்போது கல்லூரி ஆசிரியர்கூட இல்லை. இன்றைய ஆந்திராவில் உள்ள குத்தி (Gooty) என்ற ஊரில் டெபுடி கலெக்டர். வருவாய்த் துறைக் கோப்புகளுக்கு நடுவே வடிவியல் போட்டுக்கொண்டிருந்தவர். வெளிநாட்டுக் கணித இதழ்களைத் தனி ஆளாகச் சந்தா கட்டி வரவழைக்க அன்றைய ஆசிரியர் யாருக்கும் கட்டுப்படியாகாது. பல கல்லூரி நூலகங்களிலும் அவை கிடையாது. நாலு பேர் சேர்ந்து பணம் போட்டு வாங்கி, முறை வைத்துப் படிக்கலாமே என்று 1906 டிசம்பரில் நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார். 1907 ஏப்ரல் 4 அன்று 20 உறுப்பினர்களோடு சங்கம் பிறந்தது. முதலில் வைத்த பெயர் அனலிட்டிக் கிளப். பிறகு இந்தியக் கணித கிளப் ஆகி, 1910இல் புதிய விதிமுறைகளோடு இன்றைய பெயர் வந்தது. முதல் தலைவர், சென்னைப் பொறியியல் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் பி. ஹனுமந்த ராவ். நூலகம் புனேயின் ஃபெர்குசன் கல்லூரியில் இருந்தது. புத்தகங்களும் இதழ்களும் அங்கிருந்து தபாலில் உறுப்பினர்களுக்குப் போய்வந்தன. ஒரு மூலையில் இருந்த கல்லூரி ஆசிரியர் வீட்டுக்குத் தபால்காரர் கணித இதழ் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார் என்பதை நினைத்துப் பாருங்கள். மாநாடு, தலைமை உரை எல்லாம் பின்னால் வந்தவை. முதல் மாநாடே 1916இல்தான், சென்னையில் கூடியது. ஆக, சங்கத்தை முதலில் சேர்த்துக் கட்டியது வாசிப்புதான்.

1909இல் சொந்த இதழ் தொடங்கியது. பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியின் எம்.டி. நாராயண ஐயங்கார் ஆசிரியர். வகுப்பெடுத்து முடித்துவிட்டு, மெய்ப்புத் திருத்தி, வரும் விடைகளைச் சரிபார்த்து, இத்தனையும் கல்லூரி வேலைக்கு மேலே. கட்டுரைகளோடு கேள்வி–விடைப் பகுதியும் அதில் உண்டு. ஓர் ஆசிரியர் கணக்கு போடுவார், வேறு ஊர் ஆசிரியர் விடை அனுப்புவார், விடுவித்தவர் பெயரோடு அச்சாகும்.

இந்தக் கதையில் நம் ஊரும் வருகிறது. ராமசாமி ஐயர் மாற்றலாகித் திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்தபோது, 1910இல் ராமானுஜன் தம் நோட்டுப் புத்தகத்தோடு அங்கே வந்து, தாலுகா அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா வேலை கேட்டார். நோட்டைப் புரட்டிப் பார்த்த ஐயர், இந்த மேதையை வருவாய்த் துறையின் கடைநிலை வேலையில் போட்டு முடக்க மனமில்லாமல், கடிதம் கொடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். அங்கே கல்லூரிக் கணிதப் பேராசிரியர் பி.வி. சேஷு ஐயர். அவர் வழியாக நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ். ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து ஆதரித்தார். 1912இல் ராமானுஜன் வேலைக்குச் சேர்ந்த சென்னைத் துறைமுகக் கழகத்தில் அவருடைய மேலதிகாரியாக இருந்த எஸ். நாராயண ஐயர், கணிதக் கழகத்தின் பொருளாளர்.

இதை ராமானுஜனின் அதிர்ஷ்டம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு டெபுடி கலெக்டர் எழுதிய சிபாரிசுக் கடிதத்தை ஒரு கல்லூரிப் பேராசிரியர் மதித்துப் படித்தார் என்றால், கணிதத்தின் பேரில் அவர்களுக்குள் முன்பே பழக்கம் இருந்தது. அந்தப் பழக்கத்துக்கு வழி செய்தது சங்கம். முதன்முதலில் ராமானுஜனின் கணக்குகளை அச்சில் ஏற்றியதும் சங்கத்தின் இதழே. பெர்னூலி எண்கள் பற்றிய அவருடைய முதல் கட்டுரை 1911இல் அதில்தான் வந்தது.

அதே 1911இல் அவர் கேட்ட 289ஆம் கேள்வியை நமது கூட்டம் ஒன்றில் முழுமையாக எடுத்துக்கொண்டோம். √(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + …)))) என்ன மதிப்பு? சில மாதங்கள் காத்திருந்தும் யாரிடமிருந்தும் விடை வராமல், அவரே விடை கொடுத்தார்: 3. கரும்பலகையில் முதலில் கால்குலேட்டர் வைத்துப் பார்த்தோம். உள்ளே 4 வரை போய் நிறுத்தினால் 2.560. 5 வரை போனால் 2.755. 6 வரை போனால் 2.867. மூன்றை நோக்கித்தான் நகர்கிறது. பிறகு அவர் வழி: 3 என்பது √(1 + 2×4). அந்த 4 என்பது √(1 + 3×5). அந்த 5 என்பது √(1 + 4×6). பிளஸ் டூ மாணவருக்குப் புரியும். இத்தோடு முடித்துக்கொள்ளாமல் ஓர் உறுப்பினர் கேட்டார்: "சார், 3 என்பதை விட்டு வேறு எண்ணில் தொடங்கினாலும் இப்படியே உள்ளே உள்ளே விரித்துக்கொண்டு போகலாமே, அப்போது வேறு விடை வராதா?" அருமையான இடம். விரிப்பது மட்டும் நிரூபணம் ஆகாது, எல்லை இருப்பதைத் தனியே காட்ட வேண்டும். அடுக்கு வர்க்கமூலங்கள் எப்போது ஒருங்கும், அதாவது ஒரு குறிப்பிட்ட மதிப்பை நெருங்கும் என்ற விதியைப் பின்னால் கொடுத்தவர் டி. விஜயராகவன். 1950இல் அழகப்பச் செட்டியார் சென்னையில் நிறுவிய ராமானுஜன் கணித நிறுவனத்தின் முதல் இயக்குநரும் அவரே. கூட்ட நேரம் முடிந்தும் அன்று யாரும் பஸ்ஸுக்குக் கிளம்பவில்லை. மன்றம் எதற்கு என்று கேட்ட அதே இளம் உறுப்பினர்தான் கடைசிவரை பலகையருகே நின்றார்.

கழகத்தின் பிற்கால வரலாற்றில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1933இல் ‘மேத்தமேட்டிக்ஸ் ஸ்டூடண்ட்’ என்ற இரண்டாவது இதழ் ஏ. நரசிங்க ராவை ஆசிரியராகக் கொண்டு வந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில், அதாவது நமக்குப் பக்கத்தில் பணியாற்றியவர். ஆய்வுக் கட்டுரைகள் பழைய இதழுக்கும், ஆசிரியர்–மாணவர் தேவைகள் புதிய இதழுக்குமாகப் பிரிந்தன. ஆய்வு இதழின் தரம் உயர்ந்தது. எண் கோட்பாட்டு ஆய்வாளர் எஸ்.எஸ். பிள்ளை போன்றவர்களின் கட்டுரைகள் அதில் வந்தன. அந்தப் பிரிவு அவசியமாகவே இருந்தது என்று மூத்த உறுப்பினர்கள் வாதிட்டார்கள். ஏற்கிறேன். ஆனாலும், ஆய்வாளரும் வகுப்பாசிரியரும் ஒரே இதழைப் புரட்டிய காலத்தில் ஒரு நெருக்கம் இருந்திருக்கிறது. மாவட்ட அளவில் அதை நாம் மீண்டும் உண்டாக்கலாம் என்பது என் நம்பிக்கை.

அந்த நம்பிக்கையில்தான் இரண்டு பக்க வினாத்தாள் ஒன்றை மாதந்தோறும் வெளியிடத் தொடங்கினோம். வாட்ஸ்அப் குழுவில் பி.டி.எஃப். ஆகவும், துறை அறிவிப்புப் பலகையில் ஒட்ட அச்சுப் பிரதியாகவும் போகிறது. விடுவித்தவர் பெயரும் கல்லூரியும் அடுத்த இதழில் வரும். ஆசிரியர்களைவிட பி.எஸ்சி. மாணவிகளிடமிருந்து அதிக விடைகள் வருகின்றன. உறுப்பினர்கள் இதைக் கவனிக்க வேண்டும். புத்தகச் சுற்றும் தொடங்கியிருக்கிறது. மூன்று பைகள், கல்லூரிக்குக் கல்லூரி கைமாறுகின்றன. ஒரு கல்லூரியில் பை மாதக்கணக்கில் தங்கிவிட்டால் அடுத்தவர் காத்திருக்கிறார். தயவுசெய்து அனுப்பிவையுங்கள்.

ஒரு வருத்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். கூட்டத்துக்கு வரும் நாளில் கௌரவ விரிவுரையாளர்கள் சிலருக்கு ஓ.டி. (வெளியே போனாலும் பணி நாளாகக் கணக்கிடும் அனுமதி) கிடைப்பதில்லை. அன்றைய ஊதியத்தை விட்டுக்கொடுத்து வருகிறார்கள். இரண்டாம் ஷிப்ட் ஆசிரியர்களுக்குக் கூட்ட நேரமே ஒத்துவரவில்லை. இனி ஒன்றுவிட்ட மாதம் ஞாயிற்றுக்கிழமை கூடுவது என்று நிர்வாகக் குழு பரிந்துரைக்கிறது. பொதுக்குழு இதை ஏற்க வேண்டும். இவர்கள் வர முடியாத மன்றத்தை நடத்துவதில் எனக்கு விருப்பமில்லை.

வரும் ஆண்டில், கணிதக் கழகத்தின் நூலகம் இப்போது இருக்கும் சென்னைப் பல்கலைக்கழக ராமானுஜன் உயர்கணித நிறுவனத்துக்கு மாணவர்களை அழைத்துச் செல்லத் திட்டம். அனுமதிக் கடிதம் அனுப்பியிருக்கிறோம். டிசம்பர் 22 தேசிய கணித நாள் கூட்டத்தைத் திருக்கோவிலூரில் நடத்தலாம் என்ற யோசனையும் வந்திருக்கிறது. அந்த ஊர் உறுப்பினர்கள் இடம் பார்த்துத் தரச் சம்மதித்துள்ளார்கள்.

இடம் கொடுத்த கல்லூரி முதல்வர்களுக்கும், வினாத்தாளைக் கைக்காசு போட்டு அச்சடித்த உறுப்பினர்களுக்கும், டீ, சுண்டல் ஏற்பாடு செய்த துறை உதவியாளர்களுக்கும் நன்றி. அடுத்த வினாத்தாளுக்கான கணக்குகளை இந்த மாதக் கடைசிக்குள் அனுப்பவும். விடை தெரிந்த கணக்காகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இவண்,
செயலாளர்