அப்பா கேட்ட சொல்

சலமான்கா, ஸ்பெயின்,
ஜனவரி 18

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அம்மா, தம்பி, பெரியப்பா வீட்டில் எல்லோரும் சுகந்தானே? உங்கள் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. பதில் போடாதது என் தப்பு, மன்னியுங்கள். ஊர் 800 மீட்டர் உயரத்தில் இருப்பதால் குளிர் கடுமை. விடிகாலையில் குழாய்த் தண்ணீரில் கை வைக்க முடியாது.

இங்கே உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடைக்கறிக்குச் சொல்லும் 'ஹாமோன்' நம் பிரெஞ்சு 'ழாம்போன்' தானா என்று கேட்டிருந்தீர்கள். அதேதான். 'ழாம்ப்' என்றால் கால். அதிலிருந்து பன்றித் தொடைக்கு 'ழாம்போன்'. ஸ்பானியர் வாயில் நடுவிலிருந்த 'ப' உதிர்ந்துவிட்டது. லத்தீன் 'லும்புஸ்' இங்கே 'லோமோ' ஆனதும் அப்படித்தான், அது இடுப்புக்கறி. முதலெழுத்தின் ஒலி 16, 17ஆம் நூற்றாண்டுகளில் தொண்டைக்கு இறங்கியது. என் 'ஹ' போதாதாம். எதிர்வீட்டுப் பாட்டி பார்க்கும்போதெல்லாம் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டி, காறுவதுபோல் சொல்லச் சொல்வார்.

இதைக் கேளுங்கள், உங்களுக்குப் பிடிக்கும். லத்தீனில் பன்றித் தொடைக்கு 'பெர்னா' என்று பெயர். அது இங்கே 'பியெர்னா' ஆகி மனிதர் காலைக் குறிக்கிறது. தொடைக்கறியின் பெயர் காலுக்குப் போக, பிரெஞ்சுக்காரர் காலின் பெயர் தொடைக்கறிக்கு வந்திருக்கிறது! ஸ்பெயினின் வடகிழக்கில் கட்டலான் மொழி பேசுகிறவர்கள் தொடைக்கறியை இன்றும் 'பெர்னில்' என்கிறார்கள்.

ஹாமோனை வெட்டுவதும் எளிதல்ல. குளம்பு மேலே பார்க்கத் தாங்கியில் மாட்டி, வளைந்து கொடுக்கும் நீளக் கத்தியால் மறுபக்கம் தெரியும் அளவுக்கு மெல்லிசாகச் சீவ வேண்டும். மேல்கொழுப்பை அன்றைய தேவைக்கு மட்டுமே எடுக்கணும். முழுக்க எடுத்தால் சதை காய்ந்துவிடும்.

இறாலுக்கு இங்கே 'கம்பா'. இத்தாலியில் 'கம்பா' கால் என்பதால் இரண்டும் ஒரே சொல் என்பார்கள், நம்பாதீர்கள். இது லத்தீன் 'கம்மாருஸ்', கட்டலான் வழியாக வந்தது.

இறால் என்று எழுதியதும் அம்மாவின் இறால் தொக்கு வாசம் வந்துவிட்டது. பேனாவை வைத்துவிட்டு இப்போதுதான் எடுக்கிறேன்.

வேலைக்குக் குறைவில்லை. தம்பி கட்டணத்தில் பாதி இந்த வாரம் வரும், மீதி அடுத்த மாதம் பத்தாம் தேதிக்குள். கல்லூரியில் தவணை கேட்கச் சொல்லுங்கள். அம்மாவின் கண் ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம். வில்லியனூர் மனைக்கு வில்லங்கச் சான்று பார்க்காமல் பெரியப்பா கையெழுத்துப் போடக்கூடாது. பத்திர நகலை எனக்கும் அனுப்புங்கள்.

உங்கள் அன்பு மகன்