புதிர் வட்டத்தின் செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடிய நமது வட்டத்தில் நடந்தவற்றைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

செவ்வாய்ப்பேட்டையில் மாதக் கூட்டங்கள் 11 நடைபெற்றன. ஒரு கூட்டம் மழையால் நின்றது. பொங்கலையொட்டிச் சிறுவர்களுக்கு விடுகதை அரங்கம் நடந்தது. ஆகஸ்டு சுடோகு போட்டியில் ஒரு தாளில் 16 எண்களே கொடுக்கப்பட்டிருந்ததைப் பிறகுதான் கவனித்தோம். ஒரே விடை கிடைக்க வேண்டுமானால் குறைந்தது 17 எண்கள் வேண்டும் என்பதை 2012இல் டப்ளினில் காரி மெக்வையர் குழுவினர் கணினி கொண்டு நிறுவியுள்ளார்கள். ஆதலால் வெவ்வேறு விடை எழுதியிருந்தாலும், கட்டங்களைச் சரியாக நிரப்பிய அனைவருக்கும் முழு மதிப்பெண் வழங்கினோம்.

இந்த ஆண்டு என் உழைப்பில் பெரும்பகுதி விடை விளக்கக் கையேட்டிற்கே சென்றது. விடைகளை மட்டும் கடைசிப் பக்கத்தில் அச்சிட்டால் பாதிச் செலவில் முடிந்திருக்குமே என்று சில உறுப்பினர்கள் என்னிடம் நேரிலேயே கேட்டார்கள். அவர்களுக்கான பதிலை இங்கே பதிவு செய்வது என் கடமை. வழி தெரியாமல் விடையை மட்டும் பெறுகிறவர் அடுத்த புதிரிலும் அதே இடத்தில்தான் நிற்பார். கையேட்டின் முதல் சொற்புதிரையே எடுத்துக்கொள்ளலாம்: ஒரு நேரத்தில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி, ஒவ்வொரு படியிலும் பொருளுள்ள சொல் வருமாறு ‘சேலம்’ என்பதைப் ‘பழம்’ ஆக்க வேண்டும். சேலம், பலம், பழம் என்று விடையை ஒரே வரியில் எழுதிவிடலாம். ஆனால் உயிர்மெய்யை ஓரெழுத்தாகவே கொள்ள வேண்டும் என்பதும், நடு எழுத்தை முதலில் மாற்றினால் ‘சேழம்’ என்ற பொருளற்ற சொல் வந்து வழி அடைபடும் என்பதும், இரண்டு எழுத்துகள் வேறுபடுவதால் இரண்டு படிகளுக்குக் குறைக்க இயலாது என்பதும் விளக்கத்தில்தான் புலப்படும்.

ஜனவரியில் ஏற்காட்டில் நடத்திய ஒருநாள் பயிற்சியில் இது இன்னும் தெளிவாயிற்று. அடிவாரத்திலிருந்து வேன் புறப்பட்டதும் நான் ஒரு கணக்கைக் கொடுத்தேன். மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கீழிருந்து 1 முதல் 20 வரை எண் கொடுத்தால், தனக்குக் கீழுள்ள எண்களின் கூட்டுத்தொகையும் மேலுள்ள எண்களின் கூட்டுத்தொகையும் சமமாக அமையும் வளைவு எது? பத்தாவது வளைவு தாண்டுவதற்குள் 14 என்றும் 15 என்றும் குரல்கள் எழுந்தன. 14க்குக் கீழே 91, மேலே 105. 15க்குக் கீழே 105, மேலே 90. இரண்டுமே பொருந்தவில்லை.

வழி இதுதான். தேடும் வளைவின் எண் ம எனில், அதற்குக் கீழுள்ளவற்றின் கூட்டுத்தொகை ம × (ம – 1) ÷ 2. மேலுள்ளதும் அதே அளவு என்பதால் இரண்டும் சேர்ந்து ம × (ம – 1) ஆகும். அதனுடன் ம-வையும் கூட்டினால் மொத்தம் ம × ம. ஆகவே எல்லா எண்களின் கூட்டுத்தொகையும் ஒரு வர்க்க எண்ணாக இருந்தாக வேண்டும். 1 முதல் 20 வரை கூட்டினால் 210. 14இன் வர்க்கம் 196, 15இன் வர்க்கம் 225. எனவே அப்படி ஒரு வளைவே இல்லை. கொல்லிமலையின் 70 வளைவுகளுக்கு என்ன ஆகும் என்று ஓர் உறுப்பினரின் மகள் கேட்டாள். 2485 வருகிறது, 50இன் வர்க்கத்திற்கு 15 குறைவு, அங்கும் இல்லை. 8 வளைவுகள் இருந்தால் 6ஆவதும், 49 இருந்தால் 35ஆவதும் பொருந்தும். விடை இல்லை என்பதை ஐயமின்றி நிறுவிய அந்த அரை மணி நேரத்தை இந்த ஆண்டின் சிறந்த நேரமாகக் கருதுகிறேன்.

இதே கணக்கு வீட்டு எண்களின் வடிவில் 1914இல் லண்டனின் ஸ்ட்ராண்ட் இதழில் வெளிவந்தது. தெருவில் 50க்கு மேல், 500க்குள் வீடுகள் என்ற நிபந்தனைக்கு 288 வீடுகளும், 204ஆம் எண்ணும் விடை. கேம்பிரிட்ஜில், பின்னாளில் புள்ளியியல் அறிஞராகப் புகழ்பெற்ற மகலனோபிஸ் அதைப் படித்துச் சொன்னபோது, சமைத்துக்கொண்டிருந்த ராமானுஜன் எல்லா விடைகளையும் ஒருசேரத் தரும் தொடர்பின்னத்தையே, அதாவது பகுதிக்குள் மீண்டும் மீண்டும் பின்னம் வரும் கோவையையே, சொன்னார். நமக்குப் பக்கத்து ஊரான ஈரோட்டில் பிறந்தவர் அவர்.

அந்தப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தவர்கள் 22 பேர். வேனில் ஏறியவர்கள் 9 பேர். வேன் வாடகை 22 பேருக்கு உரியதாகவே இருந்தது. பதிவேட்டில் 41 உறுப்பினர்கள் இருந்தும் எந்த மாதக் கூட்டத்திற்கும் 14 பேருக்கு மேல் வரவில்லை. சந்தா பாக்கி வைத்திருப்போர் 17 பேர். அவர்களுள் சிலருக்கு இது மூன்றாம் ஆண்டு. பெயர்களைப் படித்து யாரையும் சங்கடப்படுத்த நான் விரும்பவில்லை. ஆயினும் கையேட்டைக் கேட்டு வாங்கிச் சென்றவர்களிலும் அவர்களில் பலர் இருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வரவும் செலவும் ஏறத்தாழ ஈடாகியுள்ளன. அச்சுச் செலவில் ஒரு பகுதியைத் தற்காலிகமாக நான் ஏற்றிருக்கிறேன். விவரங்கள் பொருளாளரிடம் உள்ளன. தலைவருக்கும், பொருளாளருக்கும், கூட்டத்திற்கு மாடியைத் தந்த உறுப்பினருக்கும், மெய்ப்புத் திருத்திய இரு ஆசிரியைகளுக்கும் நன்றி.

தேசியக் கணித தினமான டிசம்பர் 22 அன்று கையேட்டின் இரண்டாம் தொகுதியை வெளியிட எண்ணியுள்ளேன். 60 புதிர்களில் 38க்கு விளக்கம் எழுதி முடித்துவிட்டேன். மீதி 22இல் ஆளுக்கு ஒன்றை எடுத்து வழியுடன் எழுதித் தர 22 பேர் கிடைத்தால் போதும். இப்பொறுப்பை வேறொருவர் ஏற்க முன்வந்தால் குறிப்புகள் அனைத்தையும் மனமுவந்து ஒப்படைக்கிறேன். முன்வராவிடில் நானே தொடர்கிறேன். எப்படியாயினும் அச்சகத்திற்கு முன்பணம் கட்ட வேண்டியிருப்பதால், ஜூன் மாதக் கூட்டத்திற்குள் சந்தா பாக்கி வந்து சேர வேண்டும்.

இங்ஙனம்,
செயலாளர்
சேலம்