சுவரில் பட்டுத் திரும்பும் ஆஃப்

அன்புள்ள கதிருக்கு,

நீ எழுதி அனுப்பிய கேமரா கையேட்டைப் படித்தேன். 'த வால் பவுன்சஸ் ஆஃப் (off) த லைட்' என்று ஒரு வரி. அதன்படி பார்த்தால் சுவர் அல்லவா போய் வெளிச்சத்தில் மோதித் திரும்புகிறது! எழுவாய் வெளிச்சம்தான்: 'லைட் பவுன்சஸ் ஆஃப் த வால்'. சுவரைத்தான் முன்னால் வைக்க வேண்டுமென்றால் ஆஃபை எடுத்துவிட்டு 'த வால் ரிஃப்ளெக்ட்ஸ் த லைட்' என்று எழுது.

வெளிச்சத்தோடு ஆஃப் வந்தால் நமக்கு ஸ்விட்சுதான் நினைவுக்கு வரும். இங்கே அது பரப்பை விட்டு விலகிப் போவதைச் சொல்கிறது. அதனால் பரப்பின் பெயர் எப்போதும் ஆஃபுக்குப் பின்னால்தான். 'டர்ன் இட் ஆஃப்' பழக்கத்தில் 'பவுன்சஸ் இட் ஆஃப்' என்று முடித்துவிடாதே. 'பவுன்சஸ் ஆஃப் இட்'. ஃபிளாஷைத் திருப்பி அடிக்கச் சொல்லும்போது நடுவில் ஒரு சொல் வரும்: 'பவுன்ஸ் த ஃபிளாஷ் ஆஃப் த சீலிங்'. அங்கும் நடுவில் நிற்பது வெளிச்சம், சீலிங் கடைசியில்தான். (வெள்ளை சீலிங் என்று சேர்த்து எழுது. பச்சைச் சுவரில் பட்டு வந்தால் முகமும் பச்சையடித்துப் போகும்.)

'பவுன்ஸ்' அநேகமாக எதற்கும் பொருந்தும். கத்தி விளிம்பில், அலைமேட்டில் பளிச்சென்று மின்னினால் 'கிளின்ட் ஆஃப்'. சாய்வாகப் பட்டு விலகிப் போனால் 'கிளான்ஸ் ஆஃப்'. அதுவே 'கிளான்ஸ் அட்' ஆனால் சட்டென்று ஒரு பார்வை பார்ப்பது. கண்ணாடியில் தெரியும் உருவத்துக்கு ஆஃப் வராது, 'இன் த மிரர்' தான்.

ஆஃபுக்கு இரண்டு எஃப். ஒன்று விட்டுப்போனாலும் அது 'of' என்ற ஒரு சரியான சொல்தான் என்பதால் எழுத்துப்பிழை திருத்தி பெரும்பாலும் கண்டுகொள்ளாது. நீயே ஒருமுறை தேடிப் பார்த்துவிடு.

பனிப் படங்களுக்கான பக்கத்தில் 'சன்லைட் பவுன்சிங் ஆஃப் த ஸ்னோ' சரியாகவே இருக்கிறது. ஆனால் காரணத்தை விட்டுவிட்டாய். புதிதாக விழுந்த பனி, தன்மேல் படும் வெளிச்சத்தில் ஏறக்குறைய 80 சதவீதத்துக்கு மேல் திருப்பிவிடும். கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் அதைப் பார்த்து ஏமாந்து எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் வெளிச்சத்தின் அளவைக் குறைக்க, பனி சாம்பல் நிறத்தில் விழும். எக்ஸ்போஷரை 1 முதல் 2 ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரு மடங்கு) கூட்டி வைக்கச் சொல்.

அன்புடன்,
அம்மா