நகத்தில் ஓடும் அந்தக் கறுப்புக் கோட்டைக் கொஞ்சம் பாருங்கள்: குடும்ப மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டாக்டர்களுக்கு,

வணக்கம். பெரிய ஆஸ்பத்திரி நிபுணர்களுக்கு இதை நான் எழுதவில்லை. சாயங்காலம் கிளினிக் திறந்து, காய்ச்சல், இருமல் என்று ஐம்பது பேரைப் பார்த்து முடித்து, கடைசியாக நிற்பவரின் விரலையும் பார்த்து அனுப்புகிற உங்களுக்குத்தான் எழுதுகிறேன். எங்கள் நகத்தை முதலில் பார்ப்பவர் நீங்கள்தான்.

என் அப்பா தச்சு வேலை செய்தவர். இடது கட்டைவிரல் நகத்தில், அடியிலிருந்து நுனிவரை பென்சிலால் இழுத்ததுபோல ஒரு கறுப்புக் கோடு. கட்டைவிரலில் சுத்தியல் படாத தச்சர் உண்டா? அடிபட்டது என்று அவர் சொன்னார், நாங்களும் நம்பினோம். நகம் வெடித்து நீர் கசிந்தபோது, நகச்சுத்தி என்று எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அப்புறம் ஒரு கிளினிக்கில் ஃபங்கஸ் என்று எட்டு மாதம் மாத்திரையும் களிம்பும் கொடுத்தார்கள். கடைசியில் ஊசி போட்டு மரத்துப்போக வைத்து நகத்தைப் பிடுங்கினார்கள். பக்கத்தில்தான் நின்றேன். ரத்தப் பஞ்சோடு நகமும் வாளிக்குள் விழுந்தது. அடியில் கறுத்திருந்த சதையிலிருந்து ஒரு துளிகூடப் பரிசோதனைக்குப் போகவில்லை.

அது மெலனோமா. நகத்தின் வேரில் இருக்கும் நிறச் செல்களில் வரும் புற்றுநோய். 1886இல் லண்டன் மருத்துவர் ஜொனாதன் ஹட்சின்சன் இதைப் பற்றி எழுதியபோது வைத்த பெயரே ஏறக்குறைய ‘கறுப்பு நகச்சுத்தி’தான். அதைப் படித்த அன்று எனக்கு அந்த எலுமிச்சம்பழம்தான் நினைவுக்கு வந்தது.

மெலனோமா வெள்ளைக்காரர்களுக்கு வெயிலால் வருவது என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. கறுத்த தோல் உள்ளவர்களுக்கு அது அபூர்வம், உண்மைதான். ஆனால் வந்தால் பெரும்பாலும் உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்திலும்தான் வருகிறது, வெயிலுக்கு அதில் பெரிய பங்கில்லை. பாடகர் பாப் மார்லிக்கு 1977இல் கால் பெருவிரல் நகத்தடியில் இதே நோய் கண்டுபிடிக்கப்பட்டது. முதலில் கால்பந்தில் பட்ட அடி என்றுதான் நினைத்தார்கள். 1981 மே மாதம் இறந்தார், வயது 36.

கோடு தெரிந்தவர்களையெல்லாம் பயமுறுத்தச் சொல்லவில்லை. நம் நிறத்தவர்களுக்குப் பல விரல்களில் பழுப்புக் கோடு இருப்பது சகஜம். ஒரே ஒரு விரலில், அதுவும் நடுவயதுக்கு மேல் புதிதாக வந்ததா, 3 மி.மீ.க்கு மேல் அகலமா, நுனியைவிட அடியில் அகன்றிருக்கிறதா, கறுப்பு நகத்தைத் தாண்டி ஓரத் தோலிலும் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். ரத்தக்கட்டு என்றால் நகத்தோடு சேர்ந்து நகர்ந்துவிடும். கைநகம் மாதத்துக்குச் சுமார் 3 மி.மீ. வளர்கிறது. போனில் ஒரு படம் எடுத்து, இரண்டு மாதம் கழித்து ஒப்பிட்டால் தெரிந்துவிடும். அடியிலிருந்து புதிதாக வரும் நகமும் கறுப்பாகவே வந்தால் அது அடிபட்டதல்ல. சில சமயம் கறுப்பே இருக்காது. ஆறாத சிவந்த சதையாக நிற்கும். சந்தேகம் வந்தால் நீங்கள் கத்தி வைக்க வேண்டாம். தோல் மருத்துவரிடம் அனுப்பி, நகத்தின் வேரிலிருந்து சதைத் துணுக்கு எடுத்துச் (பயாப்ஸி) சோதிக்கச் சொல்லுங்கள்.

பிழைப்பது நோய் எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. மேல்தோலோடு நிற்கும்போது பிடித்தால், பலருக்கு நகப்பகுதியை மட்டும் அகற்றி வேறிடத்துத் தோலை ஒட்டிவிடலாம். விரல் தப்பும், பெரும்பாலும் ஆளும் தப்புவார். ஆழம் போய்விட்டால் விரலையே மூட்டோடு எடுக்கிறார்கள். 2014க்குப் பிறகு வந்த நோயெதிர்ப்பு மருந்துகள் மற்ற மெலனோமாக்களுக்குக் கொடுக்கும் பலனை இந்த வகைக்கு அவ்வளவாகக் கொடுப்பதில்லை. அவற்றின் விலையைக் கேட்டு அப்பா ஒன்றும் பேசவில்லை, சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கட்டைவிரலை எடுத்தபோதே அக்குளில் நெறி கட்டியிருந்தது. அதற்கப்புறம் பதினான்கு மாதம் இருந்தார்.

உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. உங்களில் பலர் இதை ஒருமுறைகூடப் பார்த்திருக்க மாட்டீர்கள், அவ்வளவு அபூர்வம். அதனால்தான் கேட்கிறேன். சரியாகாத நகத்தோடு ஒருவர் மூன்றாவது முறை வந்தால், களிம்பை மாற்றி எழுதுவதற்கு முன் விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மருதாணியோ நகப்பூச்சோ நகத்தை மறைத்திருந்தால் மற்ற விரல்களையும் கால்களையும் காட்டச் சொல்லுங்கள். நகத்தைப் பிடுங்கித்தான் ஆக வேண்டும் என்றால், அடியில் இருக்கும் சதையில் கொஞ்சம் ஒரு சின்ன டப்பாவில் போட்டு லேபுக்கு அனுப்புங்கள். அந்தச் செலவை நாங்கள் கொடுத்துவிடுவோம்.

இப்படிக்கு,
ஒரு தச்சரின் மகள்