காலை விடுங்கள் சார்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'கடவுளிடம் ஒப்புக்கொடுத்துவிட்டேன்' என்பவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சாக்குத் தேடுகிறவர்கள் என்று கடந்த வாரம் இந்தப் பகுதியில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் சாடுகிற ஆட்களை எனக்கும் தெரியும். நான் 34 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன். 'சரீரமுயற்சி அற்ப பிரயோஜனமுள்ளது' என்று பைபிளில் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதைக் காட்டி, பிள்ளைக்கு டிரில் வகுப்பிலிருந்து விலக்குக் கேட்டு வந்த பெற்றோர் எங்கள் சபையிலேயே உண்டு. அற்பம் என்றால் பூஜ்யம் இல்லையே என்பேன். பந்தயச் சாலையில் ஓடுவதைப் பற்றிக் கொரிந்தியருக்கு எழுதியவரும் அதே பவுல்தான். 'ஆகாயத்தை அடிக்கிறவனாகச் சிலம்பம்பண்ணேன்' என்கிறார். கிரேக்கர்களின் குத்துச்சண்டையை நம் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் சிலம்பம் ஆக்கிவிட்டார்கள். கம்பு சுற்றத் தெரிந்த எனக்கு அந்த வசனத்தைப் படிக்கும்போதெல்லாம் ஒரு சந்தோஷம்.

ஆனால், ஒப்புக்கொடுத்தல் இன்னதென்று எனக்கே சென்ற ஆண்டுதான், 67 வயதில், விளங்கியது. அதுவும் கோயிலில் அல்ல, பிசியோதெரபி அறையில்.

வலது முழங்காலில் மாற்று மூட்டு வைத்திருந்தார்கள். சிகிச்சை அளித்த பெண்ணுக்கு என் கடைசி மகன் வயதுகூட இருக்காது. ஒரு உள்ளங்கையைக் குதிகாலுக்கு அடியிலும் இன்னொன்றை முழங்காலுக்குப் பின்னாலும் கொடுத்து மெல்ல மடக்குவார். கோணமானியை வைத்துப் பார்ப்பார். 65 டிகிரி. மறுநாளும் 65. "காலை விடுங்கள் சார், நான்தான் பிடித்திருக்கிறேனே" என்றார். விட்டுத்தானே இருக்கிறேன் என்றேன். அவர் என் கையை எடுத்து என் தொடைமேலேயே வைத்தார். கருங்கல்லாக இருந்தது. எனக்கே தெரியாமல் முழுப் பலத்தோடு அவரை எதிர்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்! ஆயிரக்கணக்கான பையன்களை 'விறைப்பாக நில்' என்று அதட்டியவனுக்கு ஒரு தொடையைத் தளரவிடத் தெரியவில்லை. நான்காம் நாள், மூச்சை வெளியே விடும்போது எப்படியோ கால் அவர் கைக்குள் கனமாக விழுந்தது. 80 டிகிரி. வலி குறைந்துவிடவில்லை. அதை எதிர்த்துக்கொண்டிருந்தது மட்டும் நின்றது.

அன்று இரவு ஜெபிக்க உட்கார்ந்தபோது, என் மனைவி பல ஆண்டுகளுக்கு முன் கேட்டது நினைவுக்கு வந்தது: "நீங்கள் ஜெபம் பண்ணுகிறீர்களா, ஆண்டவருக்கு டிரில் எடுக்கிறீர்களா?" என் ஜெபம் அப்படித்தான் இருக்கும். இவனுக்கு இந்த வேலையைக் கொடும், அவளுக்கு அந்த மாதத்துக்குள் வரனை அமைத்துத் தாரும் என்று வரிசை பிசகாத கட்டளைகள். கடைசியில் 'உம்முடைய சித்தம்' என்று ஒரு வார்த்தை. இளைய மகன் என்னோடு கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்த இரண்டு ஆண்டுகளும், அவன் எந்த வார்த்தையில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பதுவரை ஆண்டவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். வாய் ஒப்புக்கொடுத்துக்கொண்டிருந்தது, தொடை மட்டும் கருங்கல்லாகவே இருந்திருக்கிறது.

வாசகர் நினைப்பதுபோல் காலை விட்டதோடு வேலை முடிந்துவிடவில்லை. வீட்டில் படுத்தபடியே குதிகாலைப் பின்னுக்கு இழுக்கும் பயிற்சி, வேளைக்குப் பத்துப் பத்தாக மூன்று முறை. பிறகு ஐஸ் பை. பள்ளியில் நான் கொடுத்த எந்தத் தண்டனையும் இவ்வளவு கடுமையாக இருந்ததில்லை.

நான் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்தவன். அதை 1920-இல் தொடங்கிய ஹாரி குரோ பக் என்பவர்தான் 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை அழைத்துச் சென்றவர். அதே பாரிஸில் ஓடியவர் எரிக் லிடில். 100 மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஓடமாட்டேன் என்று சொன்ன ஸ்காட்லாந்துக்காரர். பலரும் இதோடு கதையை முடித்துவிடுகிறார்கள். அட்டவணை அவருக்குப் பல மாதங்களுக்கு முன்பே தெரியும். 100 மீட்டரை விட்டுவிட்டு அந்த மாதங்களில் 400 மீட்டருக்கு உழைத்தார். தலையைப் பின்னால் சாய்த்து, வாயைப் பிளந்து, கைகளை வீசி ஓடுவார். என் மாணவன் எவனாவது அப்படி ஓடியிருந்தால் விசில் ஊதி நிறுத்தியிருப்பேன். 47.6 விநாடி, தங்கப் பதக்கம்.

பிறகு சீனாவில் மிஷனரியாக இருந்து, ஜப்பானியர்களின் வெய்சியன் தடுப்பு முகாமில் அடைபட்டார். நடுவர் இல்லாமல் விளையாடிய பிள்ளைகள் சண்டை போட்டதால், ஞாயிற்றுக்கிழமை ஹாக்கிக்கு அவரே நடுவராக நிற்க இறங்கிவந்தார். தன் கொள்கையையும்கூட ஒப்புக்கொடுத்தவர் என்றுதான் இதை நான் எடுத்துக்கொள்கிறேன். 1945 பிப்ரவரியில், மூளைக் கட்டியால், 43 வயதில் அங்கேயே இறந்தார். முழுமையான ஒப்புக்கொடுத்தல் என்பதுதான் செவிலியிடம் அவர் கடைசியாகச் சொன்னது என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகளில் இருக்கிறது.

சிலுவைக்கு முந்திய இரவு கெத்செமனே தோட்டத்தில் இயேசுவும் ஒரே மூச்சில் ஒப்புக்கொடுத்துவிடவில்லை. 'மூன்றாந்தரமும் அந்த வார்த்தைகளையே சொல்லி ஜெபம்பண்ணினார்' என்கிறார் மத்தேயு. வேர்வை இரத்தத் துளிகளாய் விழுந்தது என்கிறார் லூக்கா. இந்த இடத்தை எத்தனையோ பெரிய வெள்ளிக்கிழமைகளில் கேட்டிருக்கிறேன். பத்துப் பத்தாக மூன்று முறை குதிகாலை இழுத்த பிறகுதான் அந்த 'மூன்றாந்தரமும்' என்ற சொல் காதில் விழுந்தது. கையாலாகாதவனுக்கு அப்படி வியர்க்குமா என்று அந்த வாசகரைக் கேட்க விரும்புகிறேன்.

மகனுக்கு நானே போன் செய்தேன். மன்னிப்பைப் பற்றி இருவரும் பேசவில்லை. கால் எப்படி இருக்கிறது என்று கேட்டான். எத்தனை டிகிரி என்று சொன்னேன். இப்போது 110 வரை மடங்குகிறது. முழங்கால்படியிட மட்டும் டாக்டர் அனுமதிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியேதான் ஜெபிக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
பாளையங்கோட்டை.